கிளைப்பெயர்

சார்ல்ஸ்டன். அக்டோபர். சனிக்கிழமை மாலை.
அலுவலகத்தில் வெர்டெல் மட்டும்,
பெட்டியில் ஆறிப்போன இறால் சோறு,
நாற்பத்தொரு நிரல் களஞ்சியங்கள்.

ஒவ்வொன்றிலும் மற்றவை முளைக்கும் கிளை ஒன்று.
அதன் பெயர் மாஸ்டர்.

தமிழில் அந்தச் சொல்
தேநீர் ஆற்றும், துணி வெட்டும்,
ஒன் டூ த்ரீ சொல்லி ஆடவைக்கும்.
இந்த ஊரில் அது வேறு வேலை பார்த்தது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஹோல்கம் சொன்னான்:
"இசைத்தட்டின் மூலப்பிரதிக்கும் அதே பேர்தானே?
சும்மா ஒரு இடுகுறி.
இதுக்குப் போய் ஒரு வார இறுதியா?"
யாரும் அவளைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க எல்லோரும் பட்ட பாடு
மேசை முழுக்கத் தெரிந்தது.
"வார இறுதி என்னோடதுதான்" என்றாள்.

சொல்லாமல் விட்டது:
ஆவணக் காப்பகத்தில் கையுறை மாட்டிக்கொண்டு
ஒருமுறை அவள் புரட்டிய நெல் பண்ணைக் கணக்கு.
காளை இரண்டு.
செப்புக் கொப்பரை ஒன்று, அடி ஓட்டை.
டைனா, வயது பத்தொன்பது, இருமல்.
பக்கத்தின் தலையில், சாய்ந்த கையெழுத்தில்,
உரிமையாளர் லாரிமோர்.
அவள் கழுத்தில் தொங்கும் அட்டையிலும்
அதே எழுத்துகள், அதே வரிசையில்.

ஒரு வரிக் கட்டளை, அவ்வளவுதான்.
பெயர்த்தால் பெயர்ந்துவிடுகிறது பெயர்.
மெயின்.
சாலைக்கு வைப்பது, சுவிட்சுக்கு வைப்பது,
யாரையும் நிமிர்ந்து நிற்கச் சொல்லாதது.
ஏழு. பதினெட்டு. முப்பதில் ஒருமுறை தட்டச்சுப் பிழை.
நாற்பத்தொன்று முடிந்தபோது
கொண்டாட ஒன்றும் இருக்கவில்லை.
சோற்றை முடித்தாள்.

ஒன்பது பத்துக்குக் கடல் ஏறியது.
மழை இல்லை, காற்று இல்லை,
நிலவு சொன்னதைக் கேட்டு
சாக்கடை வாய் வழியே தெருவுக்கு வரும் தண்ணீர்.
பம்ப் நிலையத்திலிருந்து தொலைபேசி, ரான்சம் என்று ஒருவர்:
"மேடம், உங்க மெஷின்
மாஸ்டர் மாஸ்டர்னு யாரையோ தேடிக்கிட்டே இருக்கு.
இங்க அப்படி யாரும் இல்லையே."

நேற்றைய ஓத அட்டவணையை வைத்துக்கொண்டு
இன்றைய கடலுக்கு முன்னால் சும்மா நின்றது பம்ப்.

தேடினாள்.
எல்லோரும் மறந்துவிட்ட ஒரு நிரல்,
அதில் ஒற்றை வரி, வரியின் கடைசியில் அந்தச் சொல்.
யார் எழுதியது என்று கேட்டால்
பதில் சொல்லும் கட்டளையும் உண்டு.
ஹோல்கமாக இருக்கட்டும் என்று
ஒரு நொடி ஆசைப்பட்டாள்.
வெர்டெல் லாரிமோர்.
2013 மார்ச், பகல் பதினொன்று நாற்பது.
கை தயங்கிய அடையாளம் எதுவும் இல்லை.
அன்று சாப்பாட்டுக்குப் போகிற அவசரமாக இருக்கலாம்.

திருத்தி அனுப்பினாள்.
பதிவில் விழுந்தது:
போனது மாஸ்டர்.
வந்தது மெயின்.
மாற்றியவர் லாரிமோர்.
அந்தக் கடைசி வரியை
திரை தானாக அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ரான்சம்
கையாலேயே பம்பை முடுக்கிவிட்டிருந்தார்.
கணுக்கால் நீரில் நின்றபடி
இரவுப் பணிப் புத்தகத்தை நிரப்புகிறார்.
"பேர் சொல்லுங்க, எழுதணும்."
சொன்னாள்.
பேனா நின்றது அவள் காதுக்குக் கேட்டது.
"எந்த ஆத்துப் பக்கத்து லாரிமோர்?"
"கூப்பர் ஆறு."
"நாங்களும்."

ஒரே கிளையா,
ஒரே ஏட்டில் அடுத்தடுத்த வரிகளா,
இருவருக்கும் தெரியாது.
தண்ணீர் வடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.
அவர் தன் அம்மா வழிப் பெயர்களைச்
சொல்லத் தொடங்கினார், பம்ப் இரைச்சலுக்கு மேலே,
கிட்டத்தட்டக் கத்தி.

எழுத அந்த அலுவலகத்தில் காகிதமே இல்லை.
சோற்றுப் பெட்டியின் மூடியைத் துடைத்து
திருப்பி வைத்துக்கொண்டாள்.